கண் மூடாத மணிக்காரி

உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள். இது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற கதை இல்லை.

ஆறுகளில் தண்ணீர் வற்றி, மணல் மட்டும் மிஞ்சத் தொடங்கிய காலம் அது. தாழையூர் என்ற பட்டணத்தை அறவாழி என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்ட ராஜா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட ராஜா என்றால் கதை சுலபம். எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அறவாழி நல்லவன். அவன் மந்திரிகள் நல்லவர்கள். ஊர் ஜனங்களும் நல்லவர்கள். நல்லவர்கள் எல்லாரும் கூடி ஒரு ஊரை எப்படிக் கெடுத்தார்கள் என்பதுதான் கதை.

அறவாழி பட்டத்துக்கு வந்த புதிதில் ஊரில் ஓயாத சண்டை. வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை, வரப்புக்குச் சண்டை, சாமி எந்தத் தெருவில் முதலில் வரவேண்டும் என்பதற்கும் சண்டை. மண்டை உடையாத நாள் கிடையாது. ராஜா மனம் நொந்துபோயிருந்த சமயத்தில் ஒரு துறவி அந்த வழியாக வந்தார். வெடித்த பாதம், அழுக்குத் துண்டு, கையில் ஒரு சுரைக்குடுக்கை. ராஜா அவர் காலில் விழுந்தான்.

"சாமி, என் ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் மனுஷனாவே நினைக்கிறது இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

"மூணு வேலை இருக்கு ராஜா. ஊரே தினமும் செய்யணும்" என்றார் துறவி. "முதல் வேலை, கேள். உன் வாசல் இல்லாத ஒரு வாசல்ல போய் நில்லு. 'உனக்கு எங்கே வலிக்குது?'ன்னு கேளு. அவங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்காதே. ரெண்டாவது வேலை, உட்கார். கேட்டதை நெஞ்சுல வச்சுக்கிட்டு வந்து, கண்ணை மூடி உட்காரு. அந்த வலி உனக்கு வந்தா எப்படி இருக்கும்னு பாரு. அவங்களுக்காகக் கும்பிடு. மூணாவது வேலை, எழு. எழுந்து அதே வாசலுக்குத் திரும்பிப் போ. உன்னால ஆனதைச் செய்."

"அவ்வளவுதானா சாமி?"

"அவ்வளவுதான். ஆனா சுக்கு, மிளகு, திப்பிலி மாதிரி. ஒண்ணை எடுத்துட்டாலும் மருந்து இல்லை."

சொல்லிவிட்டுத் துறவி போய்விட்டார். தாழையூர் அவர் பேச்சைக் கேட்டது. ஆமாம், முதலில் கேட்டது! பெரிய தெருப் பண்ணையார் தோல் பதனிடுகிறவன் குடிசை வாசலில் போய் நின்றார். வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன், மற்றவன் வீட்டில் உழவுமாடு செத்துப்போனதை அன்றைக்குத்தான் அறிந்தான். கேட்டான், உட்கார்ந்தான், எழுந்தான். மறுநாள் காலையில் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அவன் வயலை உழுதான். அந்த வருஷம் தாழையூரில் மண்டை உடையவே இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று?

நல்ல பழக்கத்தை யாரும் கத்தி எடுத்து வெட்டுவது இல்லை. நகம் வெட்டுகிற மாதிரி, வலிக்காமல், ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குகிறார்கள். அப்படித்தான் நடந்தது.

"அந்தத் தெருவுக்குள்ள போக முடியலை, வாடை குடலைப் பிடுங்குது" என்றார்கள் பெரிய தெருக்காரர்கள். தங்களுக்குப் பதில் வேலைக்காரர்களை அனுப்பிக் கேட்டுவரச் சொன்னார்கள். வேலைக்காரன் கேட்டதில் பாதியை வழியில் மறந்தான். மீதியை இவர்கள் காதில் வாங்கவில்லை. பிறகு, "ஏதோ ஒரு வாசல்ல தட்டினா போதும்னுதானே கணக்கு" என்றார்கள். அவரவர் வீட்டு வாசலையே வெளியே நின்று அவரவர் தட்டினார்கள். உள்ளேயிருந்து பெண்டாட்டி, "யாரது?" என்பாள். "நான்தான்டி" என்பார். "உங்களுக்கு எங்கே வலிக்குது?" என்று அவள் சடங்குக்குக் கேட்பாள். "இடுப்புலதான்" என்பார். பிறகு போய்த் தன் இடுப்புக்காக உருக்கமாகப் பிரார்த்தனை செய்வார்!

முதல் வேலை இப்படிச் செத்தது. மூன்றாவது வேலை சாவதற்கு இத்தனை பாடுகூட இல்லை. எழுந்ததும் சாப்பாட்டு நேரம். சாப்பிடப் போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது உட்காருவது மட்டும். அது வளர்ந்தது. எப்படி வளர்ந்தது தெரியுமா? அரண்மனைக்கு முன்னால் பெரிய மைதானம் போட்டார்கள். அதன் ஓரத்தில் உயரமாக மணிமண்டபம் கட்டினார்கள். உச்சி வேளையில் முதல் மணி அடித்ததும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எங்கே நிற்கிறார்களோ அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடவேண்டும். இரண்டாம் மணி அடிக்கும்வரை கண்ணும் திறக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது, அசையவும் கூடாது. மனசுக்குள் சொல்லவேண்டிய மந்திரம் ஒன்று: 'எவர் வலியும் என் வலி ஆகட்டும்.'

நல்ல மந்திரம். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

யார் கொஞ்சமும் அசையாமல் உட்காருகிறாரோ அவருக்கு ராஜா வருஷா வருஷம் பட்டம் கொடுத்தான். 'அசையாமலை' என்று பட்டம். தலைமை மந்திரி வேதகிரிதான் எப்போதும் அதை வாங்குவார். மூக்கில் எறும்பு ஊர்ந்தாலும், அது திரும்பி அதே வழியாக இறங்கினாலும், வேதகிரி அசையமாட்டார். இரக்கம் வளருவதற்கு என்று ஏற்பட்ட காரியத்தில், எதற்கும் அசையாதவருக்குப் பட்டம்! யாராவது ஒருத்தர் சிரித்திருக்க வேண்டாமா? ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மழை குறையக் குறையச் சட்டம் இறுகியது. பிரார்த்தனையைக் கலைக்கிறவர் குடும்பத்தோடு தெற்கு எல்லைக்கு வெளியே போகவேண்டும். எல்லை என்பது மணல் ஆறு. அதற்கு அப்பால் கள்ளியும் கானலும்தான். அங்கே போனவர் திரும்பியது இல்லை. குழந்தைகள் அழுது கலைத்துவிடக்கூடாதே என்று, ஏழைத் தெருப் பிள்ளைகளை எல்லாம் ஊர்க்கோடியில் ஓர் ஓலைக் கொட்டகையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருவார்கள். பிள்ளைக்கொட்டில் என்று அதற்குப் பெயர். பெரிய தெருப் பிள்ளைகளுக்குக் கல்மண்டபமும் தாதிகளும் உண்டு.

இப்போது சடைச்சி வருகிறாள்.

ஊரே கண்ணை மூடவேண்டும் என்றால், ஒருத்தராவது கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும் இல்லையா? இரண்டாம் மணியை யார் அடிப்பது? மணிமண்டபத்தின் உச்சியில் ஒரு தொட்டி. அதில் அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம் மிதக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏறி, கிண்ணம் மூழ்கியதும் மணியை அடிக்கவேண்டும். அந்த வேலையை முதலில் கொம்பையாவுக்குத்தான் கொடுத்தார்கள். மணியை ஏற்றிக் கட்டுகிற நாளில் அதன் இரும்பு நாக்கு அறுந்து விழுந்து அவன் இரண்டு காலையும் நசுக்கியது. அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி சடைச்சி மணிக்காரி ஆனாள்.

அகலமான தோள், கரகரத்த குரல், வாயில் எப்போதும் புகையிலை. ஊரில் உட்காராத ஒரே ஆள் அவள்.

"ஊரே புண்ணியம் சேர்க்குது, உனக்குத்தான் கொடுத்துவைக்கலை சடைச்சி" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"நீங்க சேர்க்கிற புண்ணியம் பத்திரமா இருக்கான்னு பார்க்க ஒரு ஆள் வேணாமாடி?" என்பாள்.

வாய்தான் அப்படி. மேலே நின்று அவள் பார்த்ததை யாரிடமும் சொல்லமுடியாமல் இருந்தாள். ஊர் கண்ணை மூடியிருக்கும்போது ஊர் எப்படி இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மழைக்காக ஒரு மண்டலம் விடாமல் பிரார்த்தனை செய்வது என்று அந்தக் கோடையில் ராஜா சங்கல்பம் செய்தான். ஒரு நாள் தவறினாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த மண்டலத்தில்தான் அவள் மூன்று காட்சிகள் கண்டாள்.

முதல் காட்சி. மைதானத்து விளிம்பில் வெற்றிலை விற்கிற கிழவர் வெயில் தாங்காமல் சரிந்து விழுந்தார். கை எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் தண்ணீர்ப் பானை. பானையைச் சுற்றி ஆட்கள். எல்லாரும் கண்ணை மூடி, 'எவர் வலியும் என் வலி' என்று உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் கையை நீட்டினார். கத்தினால் கலைந்துவிடுமே என்று, பாவி மனுஷர், வாயைத் திறக்கவில்லை! சடைச்சி மணிக்கயிற்றைப் பிடித்தாள். எல்லைக்கு அப்பால் இருக்கிற கானலை நினைத்தாள். நடக்கமுடியாத கொம்பையாவை நினைத்தாள். கயிற்றை விட்டாள். கிண்ணம் மூழ்கியது. மணி அடித்தபோது கிழவர் இறந்துபோயிருந்தார்.

ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "பிரார்த்தனை நேரத்துல போயிட்டாரே, எப்பேர்ப்பட்ட கொடுப்பினை!" என்று சொல்லிற்று. மாலைகூடப் போட்டார்கள். தண்ணீர்தான் கொடுக்கவில்லை.

இரண்டாவது காட்சி. கிணற்றடியில் நிறைமாதப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மண்ணில் புரண்டாள். மருத்துவச்சி ஆவுடை, பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரி, மணிமண்டபத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். சடைச்சி ஒரு சிறு கல்லை எடுத்து அவள் முதுகில் எறிந்தாள். அசையவில்லை. இன்னொன்று எறிந்தாள். அசையவில்லை. மூன்றாவதைக் கொஞ்சம் பெரிதாகவே எறிந்தாள். ஆவுடைக்கு முதுகில் ரத்தம் கசிந்தது. ஆனால் இது தன் பக்திக்கு வந்த சோதனை என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சடைச்சி மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள். மறுபடியும் கொம்பையாவை நினைத்தாள். மறுபடியும் விட்டாள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கல்லுக்கும் கலங்காத மருத்துவச்சி என்று ஆவுடையை ஊர் கொண்டாடியது.

அன்று வீட்டுக்கு வந்த சடைச்சி சோற்றில் கை வைக்கவில்லை. கொம்பையா விசாரித்தான். அவள் இரண்டையும் சொன்னாள். அவன் தன் கால்களைப் பார்த்தான்.

"ரெண்டு தடவையும் என்னை நினைச்சுத்தான் விட்டியா?"

"ஆமா."

"அடுத்த தடவை என்னை நினைக்காதே புள்ளே. நான் காலில்லாதவன். என் தலையில ரெண்டு சாவை வச்சா நான் எப்படித் தூக்குவேன்?"

மூன்றாவது காட்சி மண்டலம் நிறைவதற்கு முந்திய நாள் வந்தது. உச்சி வேளை. அனல்காற்று. யாரோ அணைக்காமல் போட்டுவிட்டு வந்த அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து பிள்ளைக்கொட்டிலின் கூரையில் உட்கார்ந்தது. முதலில் ஒரு நூல் புகை. பிறகு ஓலை பிடித்துக்கொண்டது. உள்ளே பிள்ளைகளின் அழுகுரல் மணிமண்டபம்வரை கேட்டது. மணிமண்டபம்வரை கேட்டால் மைதானத்தில் கேட்காதா? கேட்டது, அய்யா! கேட்டது! சில தாய்மாரின் முகம் கோணியதைச் சடைச்சி பார்த்தாள். கண்ணுக்குள் கண்ணீர் முட்டியது. இமை மட்டும் திறக்கவில்லை. இதுவும் சோதனை என்று நினைத்தார்கள். அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

சடைச்சி கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கயிற்றில் தொங்கினாள். மணி ஊரையே உலுக்கியது. "கொட்டில்! கொட்டில் எரியுதுடா பாவிகளா!" என்று அவள் போட்ட கூச்சலில் பறவைகளெல்லாம் எழுந்தன.

ஜனங்கள் கண்ணைத் திறந்தார்கள். தாய்மார்கள் ஓடினார்கள், தகப்பன்கள் ஓடினார்கள். தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். முடி கருகியும் தோல் பொசுங்கியும், எல்லாப் பிள்ளைகளும் உயிரோடு வெளியே வந்தன.

ஓடாதவர்களும் இருந்தார்கள். தங்கள் பிள்ளை கல்மண்டபத்தில் இருக்கிறவர்கள். "முறைப்படி இரண்டாம் மணிக்கு மூணு அடி. இது கணக்கில்லாம அடிச்ச மணி. இதுக்குக் கண்ணைத் திறந்தா செல்லுமா செல்லாதா?" என்று உதடு அசையாமல் யோசித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வேதகிரி, மலையாக.

மறுநாள் காலையில் சபை கூடியது. குற்றவாளிக் கூண்டில் சடைச்சி. அவள் காலடியில், தரையில், கொம்பையா.

வேதகிரி எழுந்தார். "பிள்ளைகள் பிழைத்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மண்டலம் கலைந்தது. வரவிருந்த மழை போயிற்று. சில பிள்ளைகளுக்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தாகத்தில் விட்டாள் இவள். சட்டம் ஒன்றுதான்."

பிழைத்த பிள்ளைகளின் அப்பன் ஆத்தாள் எல்லாரும் சபையில் நின்றார்கள். இடுப்பில் அதே பிள்ளைகள். ஒருத்தராவது, "சாமி, இவள் என் பிள்ளையைக் காப்பாத்தினவ" என்று வாயைத் திறக்கவேண்டாமா? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வருஷக்கணக்கில் வாயை மூடிப் பழகினவர்களுக்கு, திறக்கவேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

ராஜா பெருமூச்சு விட்டான். "எனக்கும் வருத்தம்தான். ஆனால் சட்டம் சட்டம்தான். இன்று உச்சிக்குள் எல்லையைக் கடக்கவேண்டும். கால் இல்லாதவனை நடக்கவிடாதீர்கள். டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள்." அப்படிச் சொன்னதில் அவனுக்கே கொஞ்சம் மனம் குளிர்ந்தது. நல்லவன் என்று சொன்னேனே!

"ராசா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் சடைச்சி.

"கேள்."

"ஊரே உட்கார்ந்துச்சு, நான் மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்தது இல்லை. இன்னைக்கு ஒரு வேளை உட்கார்ந்து கும்பிட்டுட்டுப் போறேன். என் ஆம்பளையை முன்னால தூக்கிட்டுப் போகட்டும். நான் பின்னாலயே ஓடிப்போயிடுவேன்."

"இவள் உட்கார்ந்தால் மணியை யார் அடிப்பது?" என்றார் வேதகிரி.

"கண்ணைத் திறந்து வச்சிருக்கணும், அவ்வளவுதான் வேலை. நீங்க வர்றீங்களா மந்திரி?"

வேதகிரி முகம் சுருங்கியது. "நானா! நான் உட்காராவிட்டால் ஊர் என்ன நினைக்கும்?"

"அப்போ ராசா ஏறட்டும். ஊரைப் பார்த்துக்கிறதுதானே ராசா வேலை? ஒரு வேளைக்குப் பார்க்கட்டும்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அறவாழிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. "நானே ஏறுகிறேன்" என்றான்.

உச்சி நெருங்கியது. மறுபடியும் முதல் நாள், மறுபடியும் புது மண்டலம். சடைச்சி மைதானத்துக்கு வந்தாள். ஜனங்கள் அவளுக்கு இடம் விடாமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். மணிமண்டபத்தின் அடியில் மட்டும் ஓர் இடம் இருந்தது. மருத்துவச்சி ஆவுடைக்குப் பக்கத்தில்.

சடைச்சிக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையைக் கொன்றவள் என்று மனசுக்குள் அவளைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் உட்காருமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு என்று அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கொம்பையாவின் அப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆவுடை, உனக்கு எங்கே வலிக்குது?"

பல வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஆவுடை திடுக்கிட்டாள். அவள் கண் நிரம்பியது.

"முதுகுல வலிக்குது அக்கா. கல்லு பட்ட இடத்துல. புண்ணு ஆறிப்போச்சு, வலி போகலை." ஆவுடை அவளை நேராகப் பார்த்தாள். "அந்தக் கல்லு நீதானே எறிஞ்சே? அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பேனே. சோதனைன்னு நினைச்சேன் அக்கா. ஒவ்வொரு பிள்ளையைத் தூக்கும்போதும் அந்தப் பிள்ளை கனம் கையில இருக்கு."

சடைச்சி அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. முதல் மணி அடித்தது. சடைச்சி கண்ணை மூடினாள். திட்டுவதற்கு மனசில் ஆள் இல்லை. அங்கே ஆவுடையின் முதுகு இருந்தது. ஆவுடையின் கை இருந்தது. அந்தக் கையில் கனக்கிற பிள்ளை இருந்தது. தானும் கயிற்றை விட்டவள்தான் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. இருவரும் ஒரே பிள்ளைக்காக அழுதார்கள். தாழையூரில் பல வருஷங்களுக்குப் பிறகு நடந்த முதல் தியானம் அதுதான்.

மேலே ராஜா நின்றான்.

முதலில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அவன் ஜனங்கள், சிலை செதுக்கி வைத்த மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை கண்ணில் பட்டன. மணி அடித்ததும் பாதியில் போட்டுவிட்ட செக்கில் கட்டிய மாடு, நுகம் கழுத்தை நெரிக்க நின்றது. கருகிய கொட்டில் இருந்த இடத்தில், பிள்ளைகளை இப்போது வெறும் வெயிலில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒன்று இன்னொன்றின் புண்ணுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் தெற்கே பார்த்தான்.

மணல் ஆற்றின் நட்ட நடுவில் ஒரு டோலி. முதல் மணி கேட்டதும் காவலர்கள், சட்டப்படி, கையில் இருந்ததைப் போட்டுவிட்டார்கள். கையில் இருந்தது கொம்பையா. இரண்டு எட்டில் ஒரு கருவேல நிழல் தெரிய, அதில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். டோலி கவிழ்ந்து, கொம்பையா கொதிக்கிற மணலில் கிடந்தான். முழங்கையை ஊன்றி நிழலை நோக்கி நகர்ந்தான். மணல் சுட்டது, கையை எடுத்தான். மறுபடியும் ஊன்றினான். கால் மணலில் இழுபட்டது. அவன் நகர்கிற திசையில், மூடிய கண்களோடு, அவன் வலி தங்கள் வலி ஆகட்டும் என்று இரண்டு பேர் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய்! அவனைத் தூக்குங்கடா!" என்று ராஜா கத்தினான்.

காவலர்களுக்குக் கேட்டது. ராஜாவின் குரல் என்றும் தெரிந்தது. ராஜாவே நம்மைச் சோதிக்கிறார் என்று, முதுகை நிமிர்த்தி இன்னும் நன்றாக உட்கார்ந்தார்கள்.

"தூக்குங்கடா! நான் ராஜா சொல்கிறேன்!"

மைதானத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. வேதகிரியின் உதட்டில் ஒரு புன்னகை தெரிந்தது. சோதனை எத்தனை கடுமை என்று ரசிக்கிற புன்னகை.

அப்போதுதான் அறவாழிக்கு, தன் குரல் கேட்காத ஊரைத் தானே கட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தான். பாதிகூட நிறையவில்லை. மணலைப் பார்த்தான். கொம்பையா குப்புறக் கிடந்தான், கை நின்றுவிட்டது.

ராஜா மணியை அடித்தான். மூன்று அடி இல்லை, முப்பது அடி இல்லை. கை தோல் உரியும்வரை அடித்தான். ஜனங்கள் கண்ணைத் திறந்தபோது, அவன் படியில் உருண்டு புரண்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். கிரீடம் படியிலேயே கிடந்தது. சடைச்சி அவனுக்கு முன்னால் ஓடினாள். ஆவுடை தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மணலில் கொம்பையாவின் தலையைத் தூக்கி ராஜா மடியில் வைத்தான். ஆவுடை தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டை அசைந்தது. கண்ணைத் திறந்தவன் ராஜாவைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான்.

"ராசா, இது ரெண்டாம் மணியா? இல்லை, தப்பு மணியா?"

"இது ஒண்ணுதான் சரியான மணி, கொம்பையா. இத்தனை வருஷமா அடிச்சதெல்லாம் தப்பு."

"அப்போ எல்லைக்கு ரெண்டு டோலி வேணும்" என்றான் கொம்பையா. "நீங்களும் வரணுமே."

யாரும் சிரிக்கவில்லை. சட்டம் அதுதானே. ராஜா எழுந்து நின்றான். சடைச்சியின் முன்னால் வந்து, ஊர் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டான்.

"போவதற்கு முன்னால் நானும் ஒன்று கேட்கவேண்டும். அம்மா, உனக்கு எங்கே வலிக்கிறது?"

சடைச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது ராசா. தாங்குவீங்களா?"

ராஜா தலையை ஆட்டினான்.

அவள் சொன்னாள். வெற்றிலைக் கிழவரின் நீட்டிய கையைச் சொன்னாள். வாயில் திணித்த முந்தானையைச் சொன்னாள். தாழ்ப்பாளுக்கு உள்ளே கேட்ட அழுகையைச் சொன்னாள். தான் விட்ட கயிற்றையும் மறைக்காமல் சொன்னாள். சுற்றி நின்ற ஜனங்கள் மணல் சுடச்சுடக் கேட்டார்கள். காலை மாற்றி மாற்றி வைத்தார்கள், நகரவில்லை. வெயில் இறங்கியபோது அவள் முடித்தாள். ராஜா அங்கேயே, அந்த மணலிலேயே, கண்ணை மூடி உட்கார்ந்தான். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எழுந்தான். எழுந்தவன் சாப்பிடப் போகவில்லை. கொம்பையாவைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நடந்தான்.

எல்லைச் சட்டத்தை யாரும் அப்புறம் பேசவில்லை. சடைச்சி மணிக்காரியாகவே இருந்தாள். ஆனால் மேலே ஏறுகிற முறை ஊருக்கே பொதுவாயிற்று. பண்ணையாரானாலும் தோல் பதனிடுகிறவனானாலும், முறை வரும் நாளில் ஏறிக் கண்ணைத் திறந்துவைத்து நிற்கவேண்டும். யாருக்காவது ஆபத்து என்றால் கிண்ணத்தைப் பார்க்காமல் அடிக்கவேண்டும். முதல் மணி கேட்டால் இப்போது யாரும் உட்காருவதில்லை. அடுத்தவர் வாசலைத் தட்டப் போகிறார்கள், கேட்டுவிட்டு வந்துதான் உட்காருகிறார்கள். பிள்ளைக்கொட்டிலை மறுபடி கட்டவே இல்லை. பிள்ளைகள் மைதானத்தில் மடியில் உட்கார்ந்து அழுகின்றன. அந்த அழுகையோடுதான் பிரார்த்தனை நடக்கிறது.

வேதகிரி என்ன ஆனார்? அன்றைக்கு எல்லாரும் மணலுக்கு ஓடியபோது அவர் மட்டும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்கில்லாத மணிக்கு அவர் எழுந்திருக்கமாட்டார். சாயங்காலம் வெறும் மைதானத்தில் கண்ணைத் திறந்து, பட்டம் கொடுக்க யாரும் இல்லையே என்று நாலு பக்கமும் பார்த்தாராம்.

அப்புறம் மழை பெய்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கிழவர் செத்தார், பிள்ளை செத்தது, கொம்பையா மணலில் வெந்தான். அவன் கை ஆறிற்றா என்று ஒருத்தர் கேட்டீர்களா? மழைதான் கேட்கிறீர்கள்! மழை அன்றைக்குப் பெய்யவில்லை. அது வரவேண்டிய காலத்தில் வந்தது. அதுவரைக்கும் இருந்த தண்ணீரைத் தாழையூர் பகிர்ந்து குடித்தது. தாகத்தால் ஒருவரும் சாகவில்லை. கொம்பையாவின் கையும் ஆறிற்று, ஆவுடை போட்ட பச்சிலையில்.

அடுத்தவர் வலியைக் கேட்காமல் உட்கார்ந்து, எழுந்தபின் அவர் வாசலுக்குப் போகாமல் முடிகிற பிரார்த்தனை, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கொடுமை.